சுட்டியின் தொடையில் இருந்த குண்டு

குழு: பட்டிவீட்டுச் சொந்தங்கள்

பெரியப்பா, மாலை 6.12
அனைவருக்கும் வணக்கம். தம்பலகாமத்துப் பட்டியில் நிற்கும் சுட்டி எருமையின் பின்தொடையிலிருந்து கால்நடை வைத்தியர் இன்று காலை ஓர் ஈயக்குண்டை எடுத்திருக்கிறார். எருமை உயிரோடு இருக்கிறது, வைக்கோலும் தின்கிறது. நாளை பொலிஸில் முறைப்பாடு கொடுப்பதா, இல்லையா என்பதை இன்றிரவே முடிவுசெய்ய வேண்டும். வழமைபோலக் குரல்பதிவு அனுப்பாமல் முழு வாக்கியங்களில் எழுதுங்கள்.

சின்ன மாமி, 6.15
முடிவுசெய்ய என்ன இருக்கிறது, அண்ணன்? பழைய துவக்கு கிழக்கு வரம்புக்காரரிடம்தானே இருக்கிறது.

ரூபன், 6.17
அவர் மறுக்கிறார், மாமி. தன்னுடைய துவக்கு என்றால் குண்டு தொடையைத் துளைத்து மறுபக்கத்தால் போயிருக்கும் என்றும், உள்ளே நின்ற குண்டு தன்னுடையதாக இருக்கவே முடியாது என்றும் கடையடியில் எல்லோருக்கும் சொல்கிறார்.

சித்தப்பா, 6.18
அவருக்கு வாய்தான் பெரிய துவக்கு.

வதனி அக்கா, 6.21
குகனிடம் கேட்போம். பென்சில்வேனியாவில் அவன் அதே வகைத் துவக்கோடுதானே மான் வேட்டைக்குப் போகிறான். குகன், படம் அனுப்பியிருக்கிறேன். நகைக்கடைத் தராசில் 11.2 கிராம் நின்றது. ஒரு பக்கம் சற்றுத் தட்டையாக இருக்கிறது. அகலமான இடத்தில் 13.5 மில்லிமீற்றர். 18 சென்ரிமீற்றர் ஆழத்தில் எடுத்ததாகவும் எலும்பில் படவில்லை என்றும் வைத்தியர் சொன்னார்.

பெரியப்பா, 6.22
சான்றுப்பொருளை நகைக்கடைக்கு ஏன் கொண்டுபோனாய்?

வதனி அக்கா, 6.22
தராசு அங்கேதான் இருக்கிறது, அப்பா.

குகன், 6.40
எல்லோருக்கும் வணக்கம். எடையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு கன சென்ரிமீற்றர் ஈயம் 11.34 கிராம் நிறுக்கும். ஆகவே 11.2 கிராம் தூய ஈயத்தை உருண்டையாக வார்த்தால் அதன் விட்டம் ஏறக்குறைய 12.4 மில்லிமீற்றராக இருக்கும். குழலின் வாயால் வெடிமருந்தும் குண்டும் இட்டு இடிக்கும் துவக்குகளில், அரை அங்குலக் குழலுக்கு நாங்கள் இங்கே துணித்துண்டில் பொதிந்து இறக்கும் குண்டும் அந்த அளவுதான். உள்ளே ஈயம் எதுவும் உதிரவில்லை என்று வைத்துக்கொண்டால், 12.4 ஆக இருந்த ரவை 13.5 வரையே விரிந்திருக்கிறது. அது மெதுவாகத்தான் தசைக்குள் புகுந்திருக்கிறது.

சின்ன மாமி, 6.42
ரவை என்று எழுதாதே, பிள்ளை. எனக்கு உப்புமாதான் ஞாபகம் வருகிறது.

பெரியப்பா, 6.43
குண்டு என்றே எழுது, குகன். மெதுவாகப் புகுந்தது என்பதை எப்படி அறிகிறாய்?

குகன், 6.58
சுட்டுப் பார்த்து அறிந்ததுதான், பெரியப்பா. படத்தில் கண்ணாடிபோலத் தெரியும் கட்டி ஜெலற்றின். பத்தில் ஒரு பங்கு ஜெலற்றின் தூளை நீரில் கரைத்து, 4 பாகை செல்சியஸில் உறையவைத்தால் அது தசையைப் போலவே குண்டைத் தடுக்கும். கட்டி சரியாக அமைந்ததா என்று பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது: 4.5 மில்லிமீற்றர் உருக்கு மணி ஒன்றைச் செக்கனுக்கு 180 மீற்றர் வேகத்தில் சுட்டால், அது 8.5 சென்ரிமீற்றர் ஆழத்தில், ஒரு சென்ரிமீற்றர் முன்பின்னாக நிற்க வேண்டும். அமெரிக்க இராணுவ மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர் நிலைநிறுத்திய முறை அது. இப்படிப்பட்ட கட்டிக்குள் தூய ஈயக்குண்டை முழு மருந்தோடு கிட்ட நின்று சுட்டால், அது கல்லில் விழுந்த பணியாரம்போலப் பரந்துவிடுகிறது. மருந்தைக் குறைத்துச் சுட்டால் ஏறக்குறைய உருண்டையாகவே வெளியே வருகிறது.

சின்ன மாமி, 7.00
அது புடிங் என்றல்லவா நினைத்தேன். ஜெலற்றின் மாட்டுத் தோலில் செய்வது என்கிறார்களே, உண்மையா?

குகன், 7.01
மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு ஆகியவற்றில் செய்கிறார்கள், மாமி.

சின்ன மாமி, 7.02
வதனி, போன வருடம் கௌரி விரதம் முடிந்த அன்று நீ எனக்குத் தந்த புடிங்கில் என்ன போட்டிருந்தாய்?

வதனி அக்கா, 7.04
அது கடற்பாசி, மாமி. குகன், நம்முடைய கடற்பாசியிலேயே இந்தச் சோதனையைச் செய்ய முடியாதா?

குகன், 7.08
கடற்பாசிக் கட்டி நொறுங்கிவிடும், அக்கா. தசைபோல இழுபட்டு மீளாது. ஈரமாக்கிய பத்திரிகைக் கட்டுகளும் நீர் நிரப்பிய கலன்களும் பயன்படும். ஆனால் அவற்றில் கிடைக்கும் ஆழத்தை அப்படியே தசைக்குச் சொல்லக் கூடாது. ஒரு குண்டை இன்னொன்றோடு ஒப்பிட மட்டுமே அவை உதவும். உண்மையில் ஜெலற்றினிலும் தோல் இல்லை, எலும்பு இல்லை. தோல் இழுபடும் பொருள் என்பதால், மானின் உடலைக் கடந்த குண்டு மறுபக்கத் தோலுக்கு அடியில் தங்கியிருப்பதை வேட்டைக்காரர்கள் அடிக்கடி காண்கிறார்கள். கட்டியைக் கடந்த குண்டெல்லாம் மிருகத்தையும் கடக்கும் என்று எண்ணக் கூடாது.

சித்தப்பா, 7.10
சுருக்கமாகச் சொல். அவர் சுட்டாரா, இல்லையா?

குகன், 7.26
குண்டு அதைச் சொல்லாது, சித்தப்பா. ஆனால் அவர் சொல்லும் நியாயம் பிழையானது என்று என்னால் காட்ட முடியும். பலமான துவக்கு என்றால் குண்டு ஆழமாகப் போகும் என்று அவர் நினைக்கிறார். தூய ஈயத்தில் அது பல வேளைகளில் தலைகீழாக நடக்கும். வேகமாகப் போகும் குண்டு ஒன்றரை மடங்கு விரிந்தால், தசையைத் தள்ள வேண்டிய அதன் முகப்பரப்பு 2.25 மடங்காகிறது, இரு மடங்கு விரிந்தால் 4 மடங்காகிறது. அப்படி விரிந்த குண்டு தன் பலத்தை முதல் சில அங்குலங்களிலேயே செலவழித்துவிடும். மெதுவாகப் போகும் குண்டோ உருண்டையாகவே இருந்து, எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போய் நிற்கும். எனவே உள்ளே நின்றது என்பதற்காக அது அவருடைய துவக்கின் குண்டு அல்ல என்று ஆகாது. அவருடையதுதான் என்றும் ஆகாது.

ரூபன், 7.29
அவருடைய துவக்கின் வாய்க்குள் என் பெருவிரல் போகும், அண்ணை. 12.4 மில்லிமீற்றர் குண்டு அதற்குப் பொருந்துமா?

குகன், 7.33
பொருந்தாது, ஆனால் தேங்காய்த் தும்பையோ துணியையோ அடைத்து இறக்கிவிடலாம். இடைவெளியால் வாயு வெளியேறிவிடுவதால் குண்டு மெதுவாகவே புறப்படும். அதுவும் இந்தக் குண்டின் தோற்றத்தோடு ஒத்துப்போகிறது.

பெரியப்பா, 7.35
ஈயத்தின் வகையைக் கொண்டு எதையும் அறிய முடியாதா?

குகன், 7.37
தூய ஈயத்தில் நகத்தால் கீறினாலே கோடு விழும். அன்ரிமனி கலந்த ஈயம் கடினமானது, எளிதில் விரியாது.

வதனி அக்கா, 7.38
நகைக்கடைக்காரர் கீறிப் பார்த்தார். கோடு விழுந்தது.

பெரியப்பா, 7.38
இன்னும் என்னென்ன செய்தீர்கள் என்பதைப் பொலிஸுக்குப் போகும் முன் எனக்குச் சொல்லிவிடு.

சின்ன மாமி, 7.41
திருகோணமலையில் ஈயம் இல்லாத வீடு எது? உப்புவெளியில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தை முழுவதும் வலை ஈயம்தான். போன மாதம் ரூபன்கூட ஒரு பை வாங்கிப் போனான்.

ரூபன், 7.42
அது குளத்து வலைக்கு வாங்கியது.

சின்ன மாமி, 7.46
குகன், கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கோட்டைக்குள் மான்கள் நம் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கின்றன, ஒருவரும் தொடுவதில்லை. நீ உன் அப்பாவின் ஆட்டத்திவசத்துக்குக்கூட வராமல் அங்கே மானைத் தேடிப் போனாய்.

குகன், 7.55
விடுமுறை கிடைக்கவில்லை, மாமி. சக்கிமுக்கிக் கல் துவக்குக்கென்று இங்கே 1974இல் தொடங்கிய தனிப் பருவம் நத்தாருக்கு அடுத்த நாள் ஆரம்பமாகும். திவசம் அதே வாரத்தில் வந்தது. நான் தேர்ந்தெடுத்து வராமல் இருக்கவில்லை.

பெரியப்பா, 7.56
அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். கட்டுத்துவக்காக, அதாவது கயிற்றில் கால் பட்டதும் தானே வெடிக்கும்படி கட்டிவைத்த துவக்காக இருக்குமா என்று சொல்.

குகன், 8.09
அதைத்தான் நானும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். உருண்டைக்குண்டு காற்றில் விரைவாகத் தளரும். 100 மீற்றர் போவதற்குள் வேகத்தில் பாதிக்குக் கிட்ட இழந்துவிடும். அதனால்தான் தூரத்தில் நடப்பதை அறிய விரும்புகிறவர்கள், கட்டியைத் தள்ளி வைக்காமல் மருந்தைக் குறைத்துக் கிட்ட நின்றே சுடுகிறார்கள். நம்முடைய குண்டும் நல்ல துவக்கிலிருந்து தொலைவில் சுடப்பட்டதாக இருக்கலாம். அல்லது பன்றிக்கென்று கட்டிவைத்த துவக்கில் மருந்து குறைவாக இருந்து, கிட்டவே வெடித்ததாக இருக்கலாம். குண்டைப் பார்த்து இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் காயம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், உள்ளே சமமாகப் போனதா, சரிந்து போனதா என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். கட்டுத்துவக்கு ஒரே உயரத்தில், பெரும்பாலும் படுக்கையாக நிற்கும். சுற்றிலும் கயிறோ தடியோ கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

சித்தப்பா, 8.11
கயிறு கிடந்தது.

வதனி அக்கா, 8.11
எப்போது கண்டீர்கள், சித்தப்பா?

சித்தப்பா, 8.12
நேற்று.

பெரியப்பா, 8.12
ஏன் சொல்லவில்லை?

சித்தப்பா, 8.14
எல்லோரும் குண்டைப் பற்றியே பேசினீர்கள்.

பெரியப்பா, 8.15
எந்த இடத்தில்?

சித்தப்பா, 8.17
கிழக்கு வரம்பில், நாவல் மரத்தடியில். அது நம் பக்கமா, அவர் பக்கமா என்பதுதானே வழக்கு.

சின்ன மாமி, 8.18
நாவல் மரம் நம்முடையது. அப்பாவின் காணி உறுதியிலேயே இருக்கிறது.

பெரியப்பா, 8.23
அப்படியே முறைப்பாட்டிலும் எழுதினால், நம் நிலத்தில் கட்டுத்துவக்கு கட்டியது யார் என்று பொலிஸ் முதலில் நம்மிடம்தான் கேட்கும். அது சட்டவிரோதம், பிணை எடுக்கவும் அலைய வேண்டியிருக்கும். அவருடைய பக்கம் என்று எழுதினால், வழக்கில் நாமே வரம்பை விட்டுக்கொடுத்ததாகும்.

ரூபன், 8.24
இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.

வதனி அக்கா, 8.25
ரூபன், என்ன எழுதினாய்?

ரூபன், 8.31
ஒன்றும் இல்லை, அக்கா. எருமை பிழைத்துவிட்டதுதானே, முறைப்பாடு அவசரமா என்று கேட்டேன்.

குகன், 8.33
முறைப்பாடு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கயிறு கிடந்த இடத்தை இன்றிரவே பாருங்கள். துவக்கு இன்னும் கட்டியிருந்தால் அதில் மறுபடியும் மருந்து இட்டிருப்பார்கள். அடுத்ததாக அந்த வழியில் எருமைதான் நடக்கும் என்று இல்லை. ஒருவரும் காலால் கயிற்றைத் தட்டிவிடாதீர்கள்.

பெரியப்பா, 8.36
இரவில் எவரும் வரம்புக்குப் போக வேண்டாம். விடிந்ததும் நான் 6.30 பஸ்ஸில் வருகிறேன். முதலில் கிராம சேவகரைக் கூட்டிக்கொண்டு இடத்தைப் பார்ப்போம், பொலிஸை அதற்குப் பிறகு யோசிப்போம். வதனி, குண்டை ஒரு தாளில் சுற்றி என்னிடம் தா.

வதனி அக்கா, 8.38
குண்டு என்னிடம் இல்லை, அப்பா. பின்னேரம் ரூபன் வந்து வாங்கிப் போனான்.

பெரியப்பா, 8.39
ரூபன்?

சின்ன மாமி, 8.52
அண்ணன், சுட்டியின் பாலில் போட்ட தயிர் என் வீட்டில் இரண்டு சட்டி இருக்கிறது. சாப்பிடலாமா என்று வைத்தியரிடம் ஒருவராவது கேட்டீர்களா?