புதுப்பிப்பு: டீலரா, செயின் கராஜா? திருவொற்றியூர் காருக்குக் கடைசியில் என்ன செய்தேன்

வாரண்டி முடிந்த 6 வருடப் பெட்ரோல் காரை சர்வீஸுக்கு டீலரிடமே விடுவதா, பல கிளைகள் உள்ள செயின் கராஜுக்கு மாற்றுவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

டீலர் கொடுத்த எஸ்டிமேட் 14,200 ரூபாய். இன்ஜின் ஃப்ளஷ் (மருந்து ஊற்றி இன்ஜினுக்குள் சுத்தம் செய்வது), காரின் உள்பக்கம் நுரை போட்டுக் கழுவுவது எல்லாம் அதில் சேர்த்தி. "ஓனர் மேனுவலில் உள்ள சர்வீஸ் அட்டவணையைக் காட்டி, அதை மட்டும் செய்யச் சொல்லுங்கள்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அதுதான் கைகொடுத்தது. காட்டியதும் டீலரே 8,900க்கு இறங்கினார். பெரம்பூர் பக்கம் செயின் கராஜில் அதே வேலைக்கு 6,700. மேனுவலில் சொன்ன கிரேடு ஆயில்தான் ஊற்றுவோம், பில்லில் பார்ட் நம்பர் போட்டுத் தருவோம் என்றார்கள். சரி என்று அங்கேயே விட்டேன்.

எதிர்பாராதது பிரேக். இடது முன் சக்கரத்தில் உள்பக்க பிரேக் பேட் (உரசி வண்டியை நிறுத்தும் கட்டை) பின்னால் உள்ள தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது, வெளிப்பக்கத்தில் பாதி மிச்சம். பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான கம்பி, அதாவது ஸ்லைடு பின், துருவேறி இறுகிவிட்டதுதான் காரணம். சத்தமே வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து, இரண்டு முன் சக்கரத்துக்கும் புது பேட் போட்டார்கள். அதற்குத் தனியாக 2,600. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, கடல் காற்றில் தினமும் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு சர்வீஸிலும் சக்கரத்தைக் கழற்றி இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், வாரண்டி இன்னும் இருக்கிற கார் என்றால் நான் டீலரிடம்தான் விடுவேன்.