மகுஹாரி வரிசையில் ஒரு வணக்கம்

2013 செப்டம்பரில் அலுவலக வேலையாகச் சிங்கப்பூரிலிருந்து தோக்கியோ சென்றிருந்தேன். கிடைத்த ஒரே ஓய்வுநாளான 21ஆம் தேதி சனிக்கிழமையைத் தோக்கியோ கேம் ஷோ என்னும் வீடியோ கேம் கண்காட்சிக்கென ஒதுக்கிவைத்தேன். பெயரில் தோக்கியோ இருந்தாலும் அந்தக் கண்காட்சி நடப்பது பக்கத்துச் சிபா மாநிலத்தில், மகுஹாரி மெஸ்ஸே அரங்குகளில். டிஸ்னிலேண்டுக்குச் செல்பவர்கள் மாய்ஹாமா நிலையத்தில் திரளாக இறங்கிய பிறகும் ரயில் பெட்டியில் நெரிசல் குறையவில்லை. மீதமிருந்தவர்கள் எங்கே செல்கிறார்கள் என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அந்த ஆண்டு நான்கு நாட்களில் 270,197 பேர் வந்தார்கள் என்று பின்னர் அறிவித்தார்கள். முதல் இரண்டு நாட்கள் தொழில்துறையினருக்கு உரியவை. பொதுமக்களுக்குச் சனியும் ஞாயிறும் மட்டுமே. அதிலும் அந்த ஆண்டு சோனியின் புதிய விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 4ஐ ஜப்பானியப் பொதுமக்கள் முதன்முறையாகக் கையில் எடுத்து ஆடிப்பார்க்க வழி இருந்தது. அமெரிக்காவில் நவம்பர் 15ஆம் தேதி விற்பனைக்கு வரவிருந்த அந்தக் கருவி, அதை உருவாக்கிய நிறுவனத்தின் சொந்த நாட்டுக்கு 2014 பிப்ரவரி 22ஆம் தேதிதான் வரும் என்று அறிவிக்கப்பட்டிருந்ததால், அங்கிருந்தவர்களின் ஆவல் எனக்கு நன்றாகவே புரிந்தது.

அவ்வளவு பெரிய கூட்டத்திலும் யாரும் யாரையும் தள்ளவில்லை. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஒரு பணியாளர், "வரிசையின் கடைசி இடம் இதுதான்" என்று பொருள்படும் பலகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வரிசை நீள நீளத் தாமும் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தார். அந்தப் பலகையைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், நம் இடம் எது என்ற குழப்பமே எழுவதில்லை. (தோக்கியோவில் நடக்கும் காமிக் மார்க்கெட் என்னும் ரசிகர்களின் காமிக்ஸ் சந்தையில் வரிசையில் கடைசியாக நிற்பவரே இத்தகைய பலகையை ஏந்தி, அடுத்து வருபவரிடம் ஒப்படைப்பது வழக்கம்.) பிளேஸ்டேஷன் 4ஐ ஆடிப்பார்க்க நான் சேர்ந்த வரிசையில் காத்திருப்பு நேரம் இரண்டு மணி நேரம்.

காத்திருந்தவர்களில் பெரும்பாலானோர் கையில் நின்டெண்டோ 3டிஎஸ் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி இருந்தது. நின்டெண்டோ நிறுவனம் அந்த ஆண்டுக் கண்காட்சியில் அரங்கம் அமைக்கவில்லை. ஆனாலும் அங்கே அதிகமாக ஆடப்பட்டது அதன் கருவியில்தான் என்றே சொல்வேன். சரியாக ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 14ஆம் தேதி, மான்ஸ்டர் ஹண்டர் 4 வெளியாகியிருந்தது. நான்கு பேர் அருகருகே இருந்து சேர்ந்து வேட்டையாடும் ஆட்டம் என்பதால், சுவரோரங்களில் நால்வர் நால்வராக அமர்ந்து தலைகுனிந்திருந்தவர்களை எங்கும் காண முடிந்தது. என் கருவி அமெரிக்கப் பதிப்பு. ஜப்பானிய ஆட்டம் அதில் இயங்காது என்பதால் வேடிக்கை பார்ப்பதோடு நின்றுகொண்டேன்.

ஆனால் 3டிஎஸ்ஸின் ஸ்ட்ரீட்பாஸ் வசதிக்கு அந்த எல்லை கிடையாது. மூடிய நிலையில் பையில் கிடக்கும் இரண்டு 3டிஎஸ் கருவிகள் ஒன்றையொன்று கடக்கும்போது தாமாகவே தகவல் பரிமாறிக்கொள்ளும். மற்றவருடைய பொம்மை உருவம் நம் கருவிக்குள் வந்து, தன் ஊரையும் ஒரு சிறு வாழ்த்தையும் சொல்லும். இப்படி வரும் பொம்மைகள் கூடும், திரையில் தெரியும் சதுக்கத்தின் வாசலில் ஒரே நேரத்தில் பத்துப் பேர்தான் நிற்க முடியும். அவர்களை உள்ளே அழைத்த பிறகே அடுத்தவர்கள் வருவார்கள். சிங்கப்பூரில் பத்துப் பேரைச் சேர்க்க எனக்கு நாட்கணக்கில் ஆகும். மகுஹாரியிலோ நான் கருவியைத் திறந்து மூடுவதற்குள், புதிதாக ஒருவர் வந்ததைக் காட்டும் பச்சை விளக்கு மீண்டும் எரிந்தது.

எனக்கு முன்னால் தந்தையுடன் நின்றிருந்த, ஒன்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் திடீரெனத் தன் திரையிலிருந்து தலையை உயர்த்திச் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், மீண்டும் திரையைப் பார்த்தான். என் பொம்மைக்கு நான் மீசையும் கண்ணாடியும் வைத்திருந்தேன். ஊர் சிங்கப்பூர் என்றிருந்தது. அவன் திரையை என் முகத்தருகே நீட்டி ஒப்பிட்டுத் தந்தையிடம் ஏதோ சொல்ல, அவர் பதறிப்போய் என்னிடம் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே அது நான்தான் என்று சைகையால் காட்டினேன்.

அந்தக் கருவியில் தமிழ் எழுத்து இல்லாததால் "வணக்கம்" என்பதை ஆங்கில எழுத்துகளில் வாழ்த்தாகப் பதிந்திருந்தேன். தந்தை அதை மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்தார்; சிறுவனின் வாயில் அது "பனக்காமு" ஆயிற்று. ஜப்பானியர் வணக்கம் சொல்லும் சொல்லைக் கொண்டே, "தமிழில் கொன்னிச்சிவா" என்றேன். தமிழ் என்றால் என்ன என்று தந்தை அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். நானும் எளிய சொற்களில் விளக்கினேன். பிறகு சிறுவன், ஸ்ட்ரீட்பாஸில் சந்திப்பவர்களிடமிருந்து துண்டு துண்டாகச் சேர்க்கும் என் புதிர்ப் படங்களில் குறைந்திருந்த துண்டுகளையெல்லாம் எண்ணிப்பார்த்து, தன்னிடம் அவை நிறைந்திருப்பதைப் பெருமையோடு காட்டினான். இரண்டு மணி நேரம் எப்படிக் கழிந்தது என்றே தெரியவில்லை.

ஆட்டத்துக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். படத்தின் துல்லியம் வியப்பாக இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

வெளியே வந்ததும் சிறுவன் ஓடிவந்து தன் கருவியைத் திறந்து காட்டினான். தன் பொம்மையின் பழைய வாழ்த்தை அழித்துவிட்டு, ஜப்பானிய எழுத்துகளில் "பனக்காமு" என்று பதிந்திருந்தான். பிறகு அதை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, தந்தையின் கையைப் பிடித்தபடி அடுத்த அரங்கின் கூட்டத்துக்குள் சென்றான்.