கப்பல்ல இருந்து ஊருக்கு வந்தாச்சு: நம்பர் செத்துப்போச்சு, பைக் கிளம்பல, எதுல தொடங்க?

கடலோடி:
எட்டு மாச காண்ட்ராக்ட் முடிஞ்சு நாங்குநேரி வந்திருக்கேன். ப்ரீபெய்ட் சிம் ரீசார்ஜ் இல்லாம சிக்னலே காட்டல. பேங்க், ஆதார், வாட்ஸ்அப் எல்லாத்துக்கும் அதே நம்பர். வாட்ஸ்அப் மட்டும் கப்பல் வைஃபையில ஓடிக்கிட்டு இருந்துச்சு. கார்புரேட்டர் பைக் ஸ்டார்ட் ஆகல. நடுக்கடல்ல பார்த்த பறவைகளை இ-பேர்ட்ங்கிற பறவைப் பதிவு ஆப்ல ஆஃப்லைனா குறிச்சது அப்படியே கிடக்கு. எதை முதல்ல பார்க்க அண்ணாச்சிமாரே?

பாளை பக்கம்:
நம்பர்தான் முதல்ல தம்பி. வேற போன்ல இருந்து அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பாருங்க. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாம, கணக்குல 20 ரூபாயும் இல்லாட்டி கம்பெனிக்காரன் நம்பரை நிறுத்தலாம். நிறுத்தி 90 நாள் கழிச்சு வேற ஆளுக்குக் கொடுத்திரலாம். எட்டு மாசம்னா ரெண்டு கெடுவும் தாண்டியாச்சு.

யாராவது எடுத்தா அன்னைக்கே புது சிம் வாங்குங்க. வாட்ஸ்அப் இன்னும் திறந்திருக்கும்போதே செட்டிங்ஸ், அக்கவுண்ட், நம்பர் மாற்றுதல். புது ஓடிபி புது நம்பருக்குத்தான் வரும். அந்த ஆள் முந்தி அதுல வாட்ஸ்அப் தொடங்கிட்டா உங்க போன்ல லாக்அவுட் ஆயிரும். அப்படியே பாஸ்புக், அடையாள அட்டையோட கிளைக்குப் போய்ப் பழைய நம்பரை எடுக்கச் சொல்லுங்க. உங்க ஓடிபி அவர் கைக்குல்லா போவும். ஆதார்ல நம்பர் மாத்த ஆவணம் வேண்டாம், பழைய ஓடிபியும் வேண்டாம், சேவை மையத்துல கைரேகை போதும்.

யூபிஐ கடைசியில. பதிவு பண்ணும்போது சிம்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் தானா போவும். எஸ்எம்எஸ் இல்லாத பிளான் போட்டிருந்தா அங்கதான் முட்டி நிக்கும். முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்தான் வரம்பு, அதனால கையில ரொக்கம் வச்சுக்கோங்க.

வண்ணார்பேட்டை ஸ்பானர்:
கிக்கரை மிதிச்சுக் காலை உடைக்காதீங்க. முதல்ல ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்க, எலி கூடு கட்டியிருக்கும். அப்புறம் பெட்ரோல் குழாயை மூடிட்டு, கார்புரேட்டர் அடியில இருக்க ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி பழசை வடிங்க. வார்னிஷ் வாடை அடிச்சா டேங்க்ல உள்ளதும் கெட்டுப்போச்சு, முழுசா மாத்துங்க. சோக் போட்டா ஓடி, எடுத்ததும் நின்னா பைலட் ஜெட்ல (கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் போற சின்னத் துளை) பிசின் அடைச்சிருக்கு. கழட்டிக் காத்தடிக்கணும், கம்பி விட்டுக் குத்தினா துளை பெருசாயிரும். பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழ இருந்தா மெதுவா சார்ஜ் போடுங்க. 4 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 0.4 ஆம்பியர் போதும். கிளம்பினதும் ஆயில் மாத்துங்க. இன்சூரன்ஸ் முடிஞ்சிருந்தா ரோட்டுல இறக்காதீங்க. முடிஞ்சு 90 நாள் தாண்டினா நோ-க்ளைம் தள்ளுபடியும் போயிரும்.

கூந்தன்குளம் கொக்கு:
இ-பேர்ட் ஆப்பை அழிச்சிராதீங்க, போனையும் ரீசெட் பண்ணாதீங்க. அனுப்பாத பட்டியல் உங்க போன்ல மட்டும்தான் இருக்கு.

அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். கரையில இருந்து 2 மைலுக்கு (3.2 கி.மீ.) அப்பால எடுத்த பட்டியலெல்லாம் பெலாஜிக் (கடல்பறவை) முறையில போகணும், ஒரு பட்டியல் ஒரு மணி நேரத்துக்குள்ள. 12 நாட் வேகத்துல 5 மணி நேரம்னா 111 கி.மீ. ஆயிருது, ஆலாப் பறவையை எந்த இடத்துல பார்த்தீங்கன்னு இ-பேர்ட்ல சரிபார்க்கிறவர் எப்படிச் சொல்வாரு? போட்டோ நேரம் இருந்தா மணி மணியா பிரிங்க, இல்லாட்டி தற்செயல்னு போடுங்க. அடுத்தது கடிகாரம். கப்பல்ல மணியைத் தள்ளி வைப்பாங்க, நெட்வொர்க் இல்லாத போன் பழைய நேரத்துலயே நிக்கும். இ-பேர்டுக்கு அந்தந்த இடத்து நேரம்தான் வேணும்.

நம்ம பறவை வாட்ஸ்அப் குரூப்ல குவிஞ்சு கிடக்கிறதை மேல இருந்து படிக்க வேண்டாம், 'கூந்தன்குளம்'னு தேடினா தேவையானது வந்திரும். தாமிரபரணி நீர்ப்பறவை கணக்கெடுப்பு வழக்கமா ஜனவரியில. புது நம்பரை அட்மினுக்கு அனுப்பிருங்க, குளம் ஒதுக்கும்போது கூப்பிடுவாங்க.