ஜே-1 பாதியில் நின்றது, எஃப்-1 கிடைக்குமா?

கேள்வி (ஹட்டன்):
அமெரிக்காவில் தங்கச்சியின் ஜே-1 (பரிமாற்றப் பயிற்சி விசா) இன்டர்ன்ஷிப், ஹோட்டலோடு ஏற்பட்ட பிரச்சினையால் பாதியில் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது அங்குள்ள ஒரு கல்லூரியிலிருந்து ஐ-20 (எஃப்-1 மாணவர் விசாவுக்கான சேர்க்கைப் படிவம்) வந்திருக்கிறது. பழைய கதையைச் சொல்லாமல் விடலாமா?

பதில் 1:
மறைக்கவே வேண்டாம். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் முந்தைய விசாவைக் கேட்கும். செவிஸ் (மாணவர், பரிமாற்றப் பயிற்சியாளர் விவரம் வைக்கும் அமெரிக்க அரசுத் தரவுத்தளம்) பதிவும் அதிகாரிக்குத் தெரியும். பொய் பிடிபட்டால் நிரந்தரத் தடை வரலாம். முதலில் ஸ்பொன்சரிடம் (ஜே-1 திட்டத்தை நடத்திய நிறுவனம்) பதிவு எப்படி மூடப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். 'முன்கூட்டியே முடிந்தது' வேறு, 'டெர்மினேட்டட்' (ரத்து செய்யப்பட்டது) வேறு. இரண்டாவதற்கு, நாட்டை விட்டுக் கிளம்பத் தரும் 30 நாள் சலுகைக் காலம் கிடையாது. அதனால் எப்போது கிளம்பினாள் என்பது முக்கியம்: போர்டிங் பாஸ், கட்டுநாயக்க விமான நிலைய முத்திரை இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

பதில் 2:
பழைய விசா ஸ்டிக்கரில் 212(இ) என்று இருந்தாலும் பயப்படாதீங்க. இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற அந்த விதி எச், எல் (வேலை), கே (திருமண) விசாக்களையும் கிரீன் கார்டையும், அமெரிக்காவுக்குள் இருந்தபடியே விசா வகை மாற்றுவதையும்தான் தடுக்கும். கொழும்பில் எஃப்-1 எடுக்க அது தடையில்லை.

பதில் 3:
புதிய செவிஸ் எண், ஆகவே ஐ-901 எனப்படும் செவிஸ் கட்டணம் 350 டொலர் மறுபடி கட்ட வேண்டும். நகையை அடகு வைத்து நேர்முகத்துக்கு முந்தின வாரம் வங்கியில் மொத்தமாகப் போடாதீங்க. திடீர்ப் பணம் சந்தேகத்தைக் கிளப்பும். போட்டிருந்தால் அடகுச் சீட்டையும் கொண்டுபோங்க. ஏன் நின்றது என்று கேட்டால் இரண்டே வசனம். ஹோட்டலைத் திட்ட வேண்டாம்.