மூக்கு ஆபரேஷன் முடிஞ்சு ஒன்றரை மாசம், நுனி வீக்கம் மட்டும் வத்தவே மாட்டேங்குது

மதுரைமல்லி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஓப்பன் ரைனோபிளாஸ்டி (மூக்குக்கு அடியில வெளிப்பக்கம் கீறித் திறந்து வடிவத்தை மாத்துற ஆபரேஷன்) பண்ணி ஒன்றரை மாசம் ஆகுது. தண்டுல இருந்த மேட்டை சீவி, ரெண்டு பக்க எலும்பையும் வெட்டி உள்ள தள்ளி, நுனியையும் கொஞ்சம் தூக்கி வச்சாங்க. ஒரு வாரத்துல ஸ்ப்ளிண்ட், அதான் மூக்கு அசையாம இருக்க மேல வச்ச கட்டு, எடுத்துட்டாங்க, கண்ணுக்குக் கீழ கன்னிப்போயிருந்தது மஞ்சளாகி மறைஞ்சும் போச்சு. பக்கவாட்டுல பாத்தா தண்டு நான் கேட்ட மாதிரியே இருக்கு. ஆனா நுனி மட்டும் உருண்டையா, கெட்டியா, தொட்டா மரத்துப்போன மாதிரி இருக்கு, காலைல எழுந்ததும் ரொம்ப மோசம், சாயங்காலம் கொஞ்சம் தேவலை. செல்ஃபி எடுத்தா முன்னாடி இருந்ததை விட பெருசா தெரியுது. எங்க அத்தை வேற பாக்குறப்பல்லாம் "காசைக் குடுத்து மூக்கை பெருசாக்கிட்டு வந்திருக்கியே"ன்னு சொல்லி அழ வைக்கிறாங்க. சர்ஜன் பொறுமையா இருங்கன்னு சொல்றாரு. தை மாசம் தம்பிக்கு கல்யாணம், அதுக்குள்ள வத்துமா? பாட்டி வெந்நீர் ஒத்தடம் குடுன்னு சொல்றாங்க, குடுக்கலாமா? ஏதோ ஸ்டீராய்டு ஊசி போட்டா உடனே வத்தும்னு படிச்சேன், அது நிஜமா?

கொங்குநாட்டுப்பொண்ணு:
முதல்ல அழாதீங்க மல்லி. எனக்கும் ஓப்பன்தான் பண்ணாங்க, இப்ப ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு, நீங்க சொல்ற ஒவ்வொண்ணையும் நானும் அனுபவிச்சிருக்கேன். வீக்கம் மேல இருந்து கீழதான் இறங்கும், தண்டு முதல்ல சரியாகும், நுனிதான் கடைசி. நுனிக்கு ஒரு வருஷம் ஆகுறது சாதாரணம், நம்மள மாதிரி தடிமனான, எண்ணெய் வழியுற தோல் இருந்தா ஒன்றரை வருஷம் கூட இழுக்கும். உள்ள குருத்தெலும்பை எவ்வளவு அழகா செதுக்கியிருந்தாலும் மேல ஜமுக்காளத்தை விரிச்சா வடிவம் தெரியாதில்ல, அது மாதிரிதான். தோல் சுருங்கி உள்ள இருக்குறதோட ஒட்டணும், அதுக்கு டைம் எடுக்கும்.

காலைல அதிகமா இருக்குறது படுத்திருக்குறதால, அதுக்கு ரெண்டு தலகாணி வச்சு தலையை உயர்த்தி மல்லாந்து படுங்க. அப்புறம் உப்பு. எனக்கு ராத்திரி ஊறுகாய், அப்பளம், கருவாடுன்னு சாப்பிட்டா மறுநாள் மூக்கு உப்பிடும், கண்ணாடில பாத்தாலே தெரியும். வெயில்ல போனாலும் அப்படித்தான், தொப்பியும் சன்ஸ்க்ரீனும் இல்லாம போகாதீங்க.

அத்தை கிட்ட ஒரே ஒரு தடவை தெளிவா சொல்லிடுங்க, "இது வீக்கம் அத்தை, வத்த ஒரு வருஷம் ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்காரு"ன்னு. அந்த பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் நம்ம பொண்ணுங்க மூணாவது மாசமே இன்னொரு டாக்டர் கிட்ட ரிவிஷன், அதாவது திரும்ப ஆபரேஷன், பண்ணுங்கன்னு ஓடுறாங்க, எனக்கு அதை நினைச்சாதான் பதறுது. குறைஞ்சது ஒரு வருஷம் ஆகாம நல்ல சர்ஜன் யாரும் நுனியில திரும்ப கத்தி வைக்க மாட்டாங்க.

ஈஎன்டி_வார்டு_நர்ஸ்:
தங்கச்சி, ஒத்தடம் மட்டும் வேண்டவே வேண்டாம்மா. மரத்துப்போன தோல்ல சூடு எவ்வளவுன்னே தெரியாது, கொப்புளம் வந்த அப்புறம்தான் தெரியும். சூடு பட்டா ரத்த ஓட்டம் கூடி வீக்கமும் ஏறும், அதனால ஆவி பிடிக்கிறதுக்கும் சேர்த்து டாக்டரை கேட்டுக்கோ. மரத்துப்போனது மாசக்கணக்குல மெதுவா சரியாகும், நரம்பு திரும்ப உயிர் பெறணும், பயப்படாத.

ஊசின்னு நீ படிச்சது ட்ரையாம்சினலோன். நிஜம்தான், நுனிக்கு மேல வீக்கம் தங்கிட்டா கொஞ்சமா போடுவாங்க. ஆனா அளவு கூடினாலோ தப்பான இடத்துல இறங்கினாலோ தோல் மெலிஞ்சு குழி விழுந்துடும், அதனால உனக்கு ஆபரேஷன் பண்ணவரே பாத்து முடிவு பண்ணணும், பியூட்டி க்ளினிக்ல யாரோ போடுறேன்னா போட்டுக்காத. மசாஜும், ராத்திரி டேப் ஒட்டுறதும் அப்படித்தான், எங்க எவ்வளவு அழுத்தணும்னு அவர் கையால காட்டினா மட்டும் பண்ணு.

இப்பத்தான் ஆபரேஷன் முடிச்சு இதை படிக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். எல்லா வீக்கமும் பொறுமையா இருக்க வேண்டிய வீக்கம் இல்ல. முதல் சில நாள்ல மூக்கு திடீர்னு ரெண்டு பக்கமும் அடைச்சு வலி கூடிக்கிட்டே போனா நடுச்சுவர்ல ரத்தம் கட்டியிருக்கலாம், அதை சீக்கிரம் எடுக்கலைன்னா குருத்தெலும்பு செத்து மூக்கே உள்வாங்கிடும். காய்ச்சல், சீழ், நிக்காத ரத்தம், தண்ணி மாதிரி சொட்டிக்கிட்டே இருக்குறது, பார்வை மங்குறது, இதுல எது வந்தாலும் ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

திருச்சிராஜா:
சிஸ்டர், செல்ஃபியை நம்பாதீங்க. கேமரா கிட்ட இருந்தா மூக்கு பெருசாத்தான் விழும். 2018ல அமெரிக்காவுல ரட்கர்ஸ் யூனிவர்சிட்டி டாக்டருங்க இதை கணக்கு போட்டே காட்டினாங்க, 12 அங்குலத்துல எடுத்தா 5 அடியில எடுக்குறதை விட மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமா தெரியுதாம். ஒப்பிட்டுப் பாக்கணும்னா மாசம் ஒரு தடவை, ஒரே இடம், ஒரே வெளிச்சம், வேற யாராவது தள்ளி நின்னு எடுக்கட்டும்.

மதுரைமல்லி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. படிச்சதும்தான் மூச்சே வந்துச்சு. கல்யாணத்துக்கு மூக்குத்தி போடலாமா? அப்புறம் எனக்கு பவர் கண்ணாடி இருக்கு, வண்டியும் ஓட்டுவேன்.

ஈஎன்டி_வார்டு_நர்ஸ்:
கண்ணாடி எப்பன்னு உன் சர்ஜன் கிட்டயே கேளும்மா, எலும்பை வெட்டியிருந்தா எங்க வார்டுல நாலுல இருந்து ஆறு வாரம் வரைக்கும் தண்டுல வைக்க விட மாட்டோம், சிலருக்கு அதுக்கு மேலயும் சொல்வாங்க. முழு ஹெல்மெட்டை மாட்டுறப்பவும் கழட்டுறப்பவும் மூக்குல உரசும், ரெண்டு கையால பக்கவாட்டுல விரிச்சுப் பிடிச்சு போடு. தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மு, இப்போதைக்கு வேகமா சிந்தாத. மூக்குத்திக்கு மட்டும் தையில அவரை காட்டிட்டு முடிவு பண்ணு, அழுத்துற மாடலும் வேண்டாம், மரத்துப்போன இடத்துல இறுக்கம் தெரியாது.

கொங்குநாட்டுப்பொண்ணு:
தைக்குள்ள முழுசா வத்தலைன்னாலும் இப்ப இருக்குறதை விட நல்லா குறைஞ்சிருக்கும் மல்லி. கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்துல மட்டும் அப்பளத்தை தொடாதீங்க.