ஹார்ட்விக் மாளிகையில் மேரி ராணிக்கு ஏது அறை?

கேள்வி:
சென்ற மாதம் இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள ஹார்ட்விக் மாளிகைக்குப் போயிருந்தேன். சுவரைவிடக் கண்ணாடிதான் அதிகம். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் வீட்டுக்காரி எலிசபெத் ஷ்ரூஸ்பெரியின் முதலெழுத்துகள், கல்லில். மேல்தளத்தில் ஓர் அறைக்கு 'ஸ்காட்லாந்து அரசி மேரியின் அறை' என்று பெயர். ஆனால் மேரியைச் சிரச்சேதம் செய்தது 1587 பிப்ரவரியில். மாளிகை கட்டத் தொடங்கியதோ 1590-இல். போய்ச் சேர்ந்தவர் எப்படி வந்து தங்கினார்?

பதில் 1:
பக்கத்திலேயே இடிந்து நிற்கும் பழைய மாளிகையில் தங்கியிருப்பாரோ?

பதில் 2:
அதையும் அந்த அம்மாள் கட்ட ஆரம்பித்தது 1587-இல்தான். ஆகவே அங்கேயும் இடமில்லை.

கதைக்கு வேர் உண்டு, முகவரிதான் தவறு. 1569 முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகள் மேரியைக் காவலில் வைத்திருந்தவர் எலிசபெத்தின் நான்காம் கணவர். டட்பரி, ஷெஃபீல்டு, சாட்ஸ்வர்த் என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு பெண்களும் சேர்ந்து பூத்தையல் போட்டிருக்கிறார்கள். பின்னாளில் சாட்ஸ்வர்த், ஹார்ட்விக் இரண்டும் டெவன்ஷயர் டியூக்குகளின் சொத்து. 18ஆம் நூற்றாண்டில் வந்த பயணிகளே மேரி இங்கே இருந்ததாக நம்பினார்கள். 6ஆம் டியூக் வேறு, பழமை மணக்கட்டும் என்று மற்ற வீடுகளின் பழம்பொருள்களை இங்கே கொண்டுவந்து நிரப்பினார். வழிகாட்டி சொல்வதை நான் கடைசியில்தான் கேட்பேன். முதலில் 1601-இல் எலிசபெத் எழுதிவைத்த பொருள் பட்டியல். கட்டில், மெத்தை, திரை என்று அறை அறையாக இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் எது அந்தக் காலத்துப் பொருள், எது பிறகு வந்து குடியேறியது என்று தெரிந்துவிடும்.

நீண்ட கூடத்தில் பைபிளில் வரும் கிதியோன் கதை நெய்த 13 பெரிய திரைச்சீலைகளைப் பார்த்தீர்களா? 1592-இல் ஹாட்டன் குடும்பத்திடம் எலிசபெத் இரண்டாம் கையாக வாங்கியவை. அவர்களுடைய குலச்சின்னத்தை மறைக்கும் செலவுக்கென்று 5 பவுன் குறைக்கச் சொல்லி வாங்கினார். ஹாட்டன்களின் சின்னம் பெண்மான், இவர் பிள்ளைகளின் கேவண்டிஷ் குலத்துக்கோ கலைமான். கொம்பு வரைந்தார்கள், வேலை முடிந்தது! அவற்றைச் செப்பனிடும் பணி 24 ஆண்டுகள் நடந்து 2023-இல்தான் நிறைவடைந்தது.

கேள்வி கேட்டவர்:
மேரியைத் தேடிய அவசரத்தில் அந்தக் கூடத்தை ஐந்தே நிமிடத்தில் கடந்துவிட்டேன். கொம்பு முளைத்த பெண்மானைப் பார்க்கவே மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும்.