ஒரு பத்தி படிக்க என் மகள் படும் பாடு

பிள்ளைக்கு நாள்பட்ட சோர்வு நோய் என்று போன வாரம் எழுதியிருந்த அம்மாவுக்காக இதைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது இங்கிலாந்தில். மகளுக்கு 12 வயதில் கிளான்டுலர் ஃபீவர் என்ற வைரஸ் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, சோர்வு போகவில்லை; அவளுக்கும் இதே நோய்தான். கை கால் அசதியைவிட எங்களைப் பயமுறுத்தியது அவள் படிப்புதான். கதைப்புத்தகத்தைக் கீழே வைக்காத பிள்ளை, ஒரே பத்தியில் விரலை வைத்துக்கொண்டு நாலைந்து தடவை மேலும் கீழும் போவாள். என்னம்மா படிச்சே என்று கேட்டால், "எழுத்தெல்லாம் தெரியுதும்மா, கதை மட்டும் நிக்க மாட்டேங்குது" என்பாள். துண்டு என்ற சொல் வாயில் வராமல், துடைப்பதுபோல் கையால் காட்டுவாள். பள்ளியில் கவனம் போதவில்லை என்றார்கள். நானும் அதட்டியிருக்கிறேன், இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

அப்புறம்தான் ஜப்பானில் ரிக்கென் என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்த ஆய்வைப் பற்றிப் படித்தேன், 2015-இல் வெளியானது. சில பிள்ளைகளை மட்டும் வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். இந்த நோயுள்ள பிள்ளைகளை ஸ்கேனில் படுக்க வைத்து, கானா என்ற ஜப்பானிய எழுத்தில் ஒரு கதையைக் கொடுத்திருக்கிறார்கள். கதையும் புரிய வேண்டும், நடுவில் வரும் உயிரெழுத்துகளையும் கண்டுபிடிக்க வேண்டும். நோயில்லாத பிள்ளைகளைவிட இவர்களுக்கு மூளையின் முன்பகுதியில் கூடுதலான இடம் வேலை செய்திருக்கிறது. அதே வேலைதான், இவர்கள் மூளைக்கு மட்டும் செலவு அதிகம். வகுப்பில் ஆசிரியர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நோட்டில் எழுதுவதும் இப்படி இரண்டு வேலைதானே!

அந்தச் செலவு மறுநாள்தான் தெரியும். ஒரு சனிக்கிழமை தெம்பாக இருக்கிறாளே என்று இரண்டு மணி நேரம் கணக்குப் போட விட்டேன், அடுத்த இரண்டு நாளும் திரையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தே கிடந்தாள், விளக்கு வெளிச்சம்கூடப் பொறுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகும் உடற்பயிற்சியை இந்த நோய்க்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். படிப்பிலும் அப்படித்தான் என்பது நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

இப்போது 15 நிமிடம் படிப்பு, அலாரம் அடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் படுக்க வேண்டும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்துவதுதான் கஷ்டம், சில நாள் அழுதுவிடுவாள். பாடக் குறிப்பை மட்டும் பள்ளியில் அச்செடுத்தே கொடுத்துவிடுகிறார்கள், அதனால் வகுப்பில் அவள் கேட்டால் போதும். உங்கள் பிள்ளைக்கும் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.